மூன்று மாதத்தில் 12 கிலோ: தசை போகாமல் எவ்வளவு குறைக்கலாம்?

கேள்வி இதுதான். கேட்டவர் கோவையில் ஐ.டி. வேலை பார்ப்பவர், வயது 34, உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ, தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு 98 செ.மீ. ஐந்து மாதமாக ஜிம்முக்குப் போகிறார். ஸ்குவாட் 60 கிலோவில் எட்டு ரெப் (ஒரே மூச்சில் எட்டு முறை), பெஞ்ச் பிரஸ் 45 கிலோவில் எட்டு ரெப் வருகிறது. இன்னும் மூன்று மாதத்தில் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் 72 கிலோவுக்கு வர வேண்டும், ஆனால் கஷ்டப்பட்டு ஏற்றிய தசை போய்விடக் கூடாது, முடியுமா என்கிறார். கூடவே மனைவியும் (32 வயது, 154 செ.மீ., 62 கிலோ) இதே திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

மூன்று மாதத்தில் 72 கிலோவுக்கு வர முடியும். ஆனால் அந்த 12 கிலோவும் கொழுப்பாகவே போகும், தசை அப்படியே நிற்கும் என்று எதிர்பார்த்தால், உங்கள் கணக்குக்கு அது நடக்காது. ஐந்தரை, ஆறு கிலோ நடக்கும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் மூன்றாவது வாரம் எடை அசையாமல் நிற்கும்போது பொறுமை போய், சாப்பாட்டைப் பாதியாக்கிவிடுவீர்கள். தசை போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. 12 கிலோ என்றால் 92,400 கலோரி. அதை 90 நாளுக்கு வகுத்தால் தினமும் 1000 கலோரிக்கு மேல் குறைவாகச் சாப்பிட வேண்டும், ஒரு நாள் கூட விடாமல், நடுவில் வரும் பண்டிகை, நிச்சயதார்த்தம், பத்திரிகை வைக்கப் போகும் வீடுகள் எல்லாவற்றையும் சேர்த்து. உங்கள் உயரம், எடை, வயதை மிஃப்லின் சூத்திரத்தில் போட்டால் சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது ஏறக்குறைய 1740 கலோரி, உட்கார்ந்த வேலையும் வாரம் சில நாள் ஜிம்மும் சேர்ந்து மொத்தம் 2400 பக்கம். ஆயிரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 1400. அதில் போதுமான புரதமும் வைத்து, வேலையும் பார்த்து, 60 கிலோ ஸ்குவாட்டும் போட வேண்டும். இந்தக் கணக்குகூட நமக்குச் சாதகமாகப் போட்டதுதான். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும். சிறிய உடம்புக்குச் சிறிய செலவு, அது ஒன்று. அப்புறம் பசியோடு இருக்கும்போது நமக்கே தெரியாமல் அசைவு குறைகிறது, லிஃப்டுக்கு நிற்போம், எழுந்து போய்த் தண்ணீர் எடுக்க வேண்டியதை அடுத்தவரிடம் கேட்போம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த கெவின் ஹால் இதை வைத்துத்தான் பழைய 'இத்தனை கலோரிக்கு இத்தனை கிலோ' கணக்கு மாதக்கணக்கில் பார்த்தால் பொய்க்கும் என்று காட்டினார்.

சரி, கொழுப்பு அவ்வளவு வேகமாக வெளியே வராவிட்டால் தராசு மட்டும் எப்படி இறங்குகிறது? கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் தசை. வெயிட் தூக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைப்பவர்களில், இழக்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கும் என்பது நெடுநாளாகவே சொல்லப்படும் தோராயக் கணக்கு. அது முழுக்கத் தசை இல்லை, அதில் நீரும் மற்றவையும் உண்டு. ஆனால் தசையும் அதில்தான் இருக்கிறது. குறைப்பின் வேகம் கூடும்போதும், புரதம் குறையும்போதும் அந்தப் பங்கு பெரிதாகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது, ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், ஒரே 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்கிற்கு 21.2 சதவீதம். ஆள் ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ. 23-லேயே அதிக எடை என்றும், 25-ல் உடல்பருமன் என்றும், வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும் என்றும் எல்லையைக் கீழே வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். ஏற்கெனவே குறைவாக இருக்கும் அதையும் டயட் என்ற பெயரில் கரைத்துவிட்டு 'எடை குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். மூன்று மாதம் பட்டினி கிடந்து இளைத்தவர்கள், ஒரு வருஷத்தில் அதே எடைக்குத் திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் திரும்புகிறார்கள். தராசில் பழைய எண், உள்ளே முன்பைவிட மோசமான உடம்பு.

அதனால் 72 என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் முதல் இலக்கு வயிற்றுச் சுற்றளவு 90-க்குக் கீழே வருவது, அதே நேரம் ஸ்குவாட்டும் பெஞ்சும் இப்போது இருக்கும் எடையை விட்டு இறங்காமல் இருப்பது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால் போனது கொழுப்புதான் என்று தைரியமாகச் சொல்லலாம். தராசு மூன்றாவது சாட்சி மட்டுமே.

வேகம் எவ்வளவு? வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் என்பது பொதுவாகப் பாதுகாப்பான எல்லை. 100 கிலோவுக்கு மேல் இருப்பவர், கொழுப்பு நிறைய சேர்த்து வைத்திருப்பவர், ஆரம்பத்தில் ஒரு சதவீதத்தில் போகலாம். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். 2011-ல் நார்வேயில் விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழு வாரம் 0.7 சதவீதமும், மற்றது 1.4 சதவீதமும் குறைக்கச் சொன்னார்கள். இரண்டு குழுவும் வெயிட் பயிற்சி செய்தது, மெதுவான குழு கூடுதல் வாரங்கள் எடுத்துக்கொண்டது, கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு எடைதான் குறைத்தது. ஆனால் மெதுவாகப் போன குழுவுக்குத் தசை கொஞ்சம் கூடியே இருந்தது, வேகமாகப் போன குழுவுக்குக் கூடவில்லை.

வேகமாகக் குறைத்தும் தசையைக் காப்பாற்றியவர்கள் இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறார்கள். 2016-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில் தேவையைவிட 40 சதவீதம் குறைவாகச் சாப்பிட வைத்து, நான்கு வாரத்தில் 4.8 கிலோ கொழுப்பு போய், தசைப்பகுதி 1.2 கிலோ கூடியது. இது அதிகப் புரதம் சாப்பிட்ட குழுவின் கணக்கு. அதைப் படித்துவிட்டு அப்படியே செய்ய ஆசைப்படாதீர்கள். அவர்கள் இளைஞர்கள், சாப்பாட்டை ஆய்வுக்கூடமே தயாரித்துக் கொடுத்தது, வாரம் ஆறு நாள் மேற்பார்வையில் கடும் பயிற்சி, கிலோவுக்கு 2.4 கிராம் புரதம், அதுவும் நான்கே வாரம். வேலை, டிராஃபிக், குடும்பம், கல்யாண வேலை எல்லாம் உள்ள ஒருவர் அதைப் பன்னிரண்டு வாரத்துக்கு இழுக்க முடியாது.

உங்களுக்குத் தினமும் 500 கலோரி குறைப்பு போதும், அதாவது 1900 பக்கம் சாப்பிடுவது. 84 நாளுக்கு 42,000 கலோரி, ஐந்தரை கிலோ கொழுப்பு. முதல் பத்து நாளில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீரும் இறங்கும், ஏனென்றால் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது, சோறு குறைந்தால் அதுவும் போகும். அந்த முதல் இறக்கத்தைப் பார்த்து 'வாரம் ஒன்றரை கிலோ போகிறது' என்று கணக்குப் போடாதீர்கள், மறுபடி சோறு சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வரும். ஆக, கல்யாணத்தன்று 77-78 கிலோ, வயிறு 92 பக்கம் என்று எதிர்பாருங்கள். சட்டையில் நிச்சயம் தெரியும், முகத்தில் அதற்கு முன்பே தெரியும். அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரம் குறைப்பதை நிறுத்தி, அந்த எடையிலேயே நின்று, பிறகு இரண்டாவது கட்டமாக 74 வரை போகலாம். சிக்ஸ் பேக் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும் என்று தெரியும். அதற்கு இன்னும் கீழே போக வேண்டும், அதை அடுத்த வருஷத்துக் கேள்வியாக வையுங்கள்.

மனைவிக்கு இதே திட்டம் வேண்டாம். அதே ஜிம், அதே பயிற்சி, அதே வகைச் சாப்பாடு எல்லாம் சரி, ஆனால் இலக்கு எண் வேறு. அவருடைய மொத்தச் செலவே நாளுக்கு 1700 பக்கம்தான். உங்களைப் போல 500 குறைத்தால் 1200-க்கு வந்துவிடுவார், அதில் புரதம், இரும்புச்சத்து, கால்சியம் எல்லாவற்றையும் அடக்குவது பெரிய பாடு. 300 குறைத்தால் போதும். மூன்று மாதத்தில் மூன்று கிலோ கொழுப்பு. கேட்கக் குறைவாகத் தெரியும், அதுவும் பக்கத்திலேயே ஒருவர் ஆறு கிலோ குறைக்கும்போது இன்னும் குறைவாகத் தெரியும். இங்கேதான் நிறைய வீட்டில் மனைவி மனம் விட்டு நிறுத்திவிடுகிறார். முதல் நாளே இருவரும் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள், அவர் உடம்பு உங்களைவிட 22 கிலோ சிறியது, அவருக்கு மூன்று கிலோ என்பது நல்ல வேலை. அவர் இப்போதுதான் முதல்முறையாக வெயிட் தூக்கத் தொடங்குகிறார் என்றால் தசையும் கொஞ்சம் ஏறும், தராசு இரண்டு கிலோ மட்டும் இறங்கி, ஜாக்கெட் தளர்ந்திருப்பதையும் பார்க்கலாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் சேர்ந்து ஒன்று, ஒன்றரை கிலோ ஏறுவது சகஜம். அதனால் அவருடைய எடையைப் போன வாரத்தோடு ஒப்பிடக் கூடாது, போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இப்போது ஜிம். 'கட்டிங்' (கொழுப்பைக் குறைக்கும் கட்டம்) என்றதும் எடையைக் குறைத்து, ரெப்பை இருபது முப்பது என்று ஏற்றி, கூடவே ட்ரெட்மில்லில் ஒரு மணி நேரம் ஓட விடும் பழக்கம் பல ஜிம்களில் இன்னும் இருக்கிறது. உங்கள் மாஸ்டர் அப்படிச் சொன்னால் மரியாதையோடு மறுத்துவிடுங்கள். கனமான வெயிட்டைத் தூக்கியதால்தான் தசை வந்தது, அந்தக் கனம் தொடர்ந்து இருந்தால்தான் உடம்பு அதை வைத்துக்கொள்ளும். சாப்பாடு குறையும்போது உடம்பு செலவைக் குறைக்கப் பார்க்கிறது, பயன்படாத தசை அதற்கு வீண் செலவு. செட்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், தவறில்லை. 2011-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 16 வாரம் பயிற்சி செய்த இளைஞர்கள் அதன்பிறகு அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தும் தசையின் பருமனைக் காப்பாற்றிக்கொண்டார்கள், 60 வயது தாண்டியவர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் யாரும் டயட்டில் இல்லை, அதனால் உங்களுக்கு அவ்வளவு குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கனத்தை விடாமல் செட்டைக் குறைத்தால் பயப்பட ஒன்றுமில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், ரொமேனியன் டெட்லிஃப்ட், பெஞ்ச், ரோயிங், ஷோல்டர் பிரஸ், புல்டவுன். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று செட், ஆறிலிருந்து பன்னிரண்டு ரெப், செட் முடிக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப் வரும் என்ற நிலையில் நிறுத்துங்கள். ஐந்து மாதம்தான் ஆகிறது என்பது உங்களுக்கு நல்ல செய்தி, இந்தக் கட்டத்தில் கொழுப்பு குறையும்போதே பலமும் கொஞ்சம் தசையும் கூடும் வாய்ப்பு இருக்கிறது. பத்து வருஷமாகத் தூக்குபவருக்கு அது அரிது. ஒரு நோட்டு வைத்து ஒவ்வொரு செட்டையும் எழுதுங்கள், தேதி, கிலோ, ரெப். அந்த நோட்டு ஜிம்மில் இருக்கும் உடல் கொழுப்பு மெஷினைவிட நம்பகமானது. அந்த மெஷின் லேசான மின்சாரத்தை உடம்பில் ஓடவிட்டுக் கணிக்கிறது, நீங்கள் குடித்த தண்ணீரைப் பொறுத்து காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண் காட்டும். 28.4 என்று புள்ளிவைத்துத் துல்லியமாக அச்சடித்துத் தருவதால் அது துல்லியம் ஆகிவிடாது.

ட்ரெட்மில் ஓட்டத்துக்குப் பதில் நடங்கள். இப்போது எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று போனில் பாருங்கள், ஐ.டி. வேலைக்கு மூவாயிரம் நாலாயிரம்தான் இருக்கும், அதை எட்டாயிரம் ஆக்குங்கள். நடை காலைக் களைப்பாக்காது, அடுத்த நாள் ஸ்குவாட்டைக் கெடுக்காது, பசியையும் பெரிதாகத் தூண்டாது.

சாப்பாட்டில் முதலில் புரதம், ஏனென்றால் நம் தட்டில் அதுதான் குறைவு. சாதாரண ஆளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம். வெயிட் பயிற்சியில் தசை வளர்ச்சிக்கு 1.6 கிராம் பக்கம் வரை பலன் கூடிக்கொண்டே போகிறது என்று 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 தொகுப்பாய்வு காட்டியது, எடை குறைக்கும்போது அதற்குப் பெரிதாகக் குறையக் கூடாது. உங்களுக்கு இப்போதைய 84 கிலோவுக்குப் போட வேண்டாம், போக நினைக்கும் 74-க்குப் போடுங்கள்: நாளுக்கு 110-லிருந்து 120 கிராம்.

இப்போது நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைப் பார்க்கிறேன். காலையில் ஐந்து இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, குழம்பு, ரசம், பொரியல், மோர். மாலையில் டீயும் மிக்சரும். இரவு தோசை. நல்ல சாப்பாடு, ஆனால் ஒரு இட்லியில் புரதம் இரண்டு கிராம், நூறு கிராம் சோற்றில் இரண்டரை மூன்று கிராம், நீர்க்க வைத்த சாம்பாரில் பருப்பு அடியில் கொஞ்சம். நாள் முழுக்கக் கூட்டினால் 50 தாண்டுவதே கஷ்டம். இதையே பாதியாக்கினால் கலோரியோடு புரதமும் பாதியாகும். அளவைக் குறைப்பதைவிட மாற்றிப் போடுவது முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வீட்டில் தனிச் சமையல் வேண்டாம், யாரும் மூன்று மாதம் அதைத் தாங்க மாட்டார்கள். காலையில் இரண்டு இட்லி, சாம்பார், கூட மூன்று முட்டை, 26 கிராம் வந்துவிடும். மதியம் சோறு வெந்த எடையில் 200 கிராம், ஒரு முறை மட்டும் தராசில் வைத்துப் பாருங்கள், நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்வது எவ்வளவு என்று தெரியும். சாம்பாருக்குப் பதில் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், மீல்மேக்கர் உலர்ந்த எடையில் 40 கிராம் போட்டு ஒரு பிரட்டல், கீரையோ காயோ எவ்வளவு வேண்டுமானாலும், மோருக்குப் பதில் கெட்டித் தயிர். இதில் 38 கிராம். மாலை மிக்சரின் இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், ஒன்பது கிராம். இரவு இரண்டு சப்பாத்தியும் நூறு கிராம் பன்னீரும், 24. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், எட்டு. மொத்தம் 105 கிராம், இலக்குக்குக் கொஞ்சம்தான் குறைவு, எண்ணெய் அளவாக இருந்தால் கலோரி 1900 பக்கம். மீனோ கோழியோ வைக்கிற நாளில் மீல்மேக்கர் இடத்திலும் பன்னீர் இடத்திலும் தலா 150 கிராம் வையுங்கள், 120-ஐத் தாண்டும். வே புரோட்டீன் கட்டாயம் இல்லை, ஆனால் ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் பக்கம் கிடைப்பதால் சமைக்க முடியாத நாளுக்கு உதவும். அது மருந்தும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை, பாலிலிருந்து பிரித்த புரதம்.

எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாத இடம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அது நல்லெண்ணெயா, ரீஃபைண்டா, செக்கு எண்ணெயா என்பதால் கலோரி மாறாது. தோசைக்கு ஓரமாகச் சுற்றி ஊற்றுவதும், பொரியலுக்குத் தாராளமாகத் தாளிப்பதும் சேர்ந்து உங்கள் 500 கலோரிக் குறைப்பில் பாதியைத் தின்றுவிடும். மாதத்துக்கு இத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம், வீட்டில் எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள், ஒருவர் நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது வந்துவிடும். டீ, காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40 கலோரி, ஆபீசில் நாலு முறை என்றால் 160.

கல்யாண வீட்டுப் பந்தி, உறவினர் விருந்து எல்லாம் இந்த மூன்று மாதத்தில் வரத்தான் செய்யும். போங்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள், அடுத்த நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். அடுத்த நாள் பட்டினி வேண்டாம். இரவு பிரியாணிக்கு மறுநாள் காலை ஒரு கிலோ கூடியிருந்தால் அது உப்பும் சோறும் பிடித்து வைத்த தண்ணீர், வயிற்றில் இன்னும் இருக்கும் சாப்பாடு. ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 7700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும், எந்தப் பிரியாணியாலும் அது ஆகாது.

அளப்பது எப்படி என்றால், எடையைத் தினமும் காலையில், கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் பாருங்கள், ஆனால் ஏழு நாள் சராசரியை மட்டும் நம்புங்கள். தினசரி எண்ணைப் பார்த்தால் மனசு அலைபாயும் என்றால் வாரம் மூன்று நாள் பாருங்கள். வயிற்றை அளக்க தையல்காரர் டேப், கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், டேப் தரைக்குச் சமமாக, சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நிலையில். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, டேப்பை இறுக்கவும் கூடாது. 90, 80 என்ற எல்லைகள் இந்த இடத்தில் அளந்தால்தான் பொருந்தும், தொப்புள் மட்டத்தில் உங்களுக்கு வந்த 98 இங்கே ஒன்றிரண்டு செ.மீ. மாறலாம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. என்பது தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எடை நிற்கிறது, வயிறு குறைகிறது, நோட்டில் ரெப் கூடுகிறது என்றால் எதையும் தொடாதீர்கள், எல்லாம் சரியாகத்தான் போகிறது. எடை வேகமாக இறங்குகிறது, ஆனால் ஸ்குவாட், பெஞ்ச் இரண்டுமே தொடர்ந்து இரண்டு வாரமாக இறங்குகிறது என்றால் அது எச்சரிக்கை, சாப்பாட்டை 150-200 கலோரி கூட்டுங்கள், தூக்கத்தைப் பாருங்கள். ஒரு நாள் மட்டும் பலம் குறைந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். எடையும் வயிறும் மூன்று வாரம் சேர்ந்து நின்றால்தான் 'நின்றுவிட்டது' என்று அர்த்தம், அப்போது முதலில் எண்ணெயையும் ஆபீஸ் நொறுக்குத்தீனியையும் சரிபாருங்கள், அப்புறம் ஆயிரம் அடி நடையைக் கூட்டுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மட்டும் நூறு கலோரி குறையுங்கள்.

தூக்கத்தை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் இரவு ஒரு மணிக்கு அமெரிக்காவுடன் ஆபீஸ் போன் கால் முடித்துவிட்டு ஆறு மணிக்கு ஜிம் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. 2010-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்துப் பேரை ஒரே குறைந்த கலோரி உணவில் வைத்து, பதினான்கு நாள் எட்டரை மணி நேரமும், இன்னொரு பதினான்கு நாள் ஐந்தரை மணி நேரமும் படுக்க விட்டார்கள். இரண்டிலும் மூன்று கிலோ பக்கம் குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டும், மீதி கொழுப்பல்லாத திசு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் ஐந்து மணி நேரத் தூக்கத்துக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. இரவு போன் கால் இருக்கும் நாளுக்கு அடுத்த நாள் காலை ஜிம்மை மாலைக்கு மாற்றுங்கள். ஜிம்முக்காகத் தூக்கத்தை வெட்டினால் ஜிம் எதைக் காப்பாற்றப் போகிறதோ அதையே இழக்கிறீர்கள்.

ஃபேட் பர்னர் மாத்திரை வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அதில் வேலை செய்வது பெரும்பாலும் காஃபின்தான், அது காபியிலேயே இருக்கிறது. இப்போது பரவலாகப் பேசப்படும் செமாகுளுடைடு ஊசி வேறு விஷயம், அது உண்மையான மருந்து, மருத்துவர் தேவை என்று முடிவு செய்தவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அதன் முக்கியச் சோதனை ஒன்றில் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு இழந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. ஊசி பசியைக் குறைக்கும், வெயிட்டை நீங்கள்தான் தூக்க வேண்டும், புரதத்தை நீங்கள்தான் சாப்பிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் வேறு யாராவது தொடங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், மருந்தளவை மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகே தொடங்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு எடை குறையும்போது எழுந்து நின்றால் தலைசுற்றல் வரலாம், அதுவும் மருந்தளவு பார்க்க வேண்டிய அறிகுறி. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர் நான் சொன்ன புரத அளவைப் பின்பற்றக் கூடாது. எடையை மிக வேகமாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது, வலது விலாவுக்குக் கீழே சாப்பிட்டபின் கடும் வலி வந்தால் அதை கேஸ் என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.